பூட்டிய வீட்டுக்கு வெளியே நின்றேன்

ஞாயிறுதோறும் நம் சபையில் உங்கள் ஜெபக் குறிப்புகளை மைக்கில் வாசிக்கிறவள் நான். சுகவீனம், வேலை, பிள்ளை வரம் என்று மற்றவர்களின் கண்ணீரையெல்லாம் தடுமாறாமல் வாசித்திருக்கிறேன். என்னுடையதை ஒருநாளும் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன சித்திரையில் பாப்பா கைக்குழந்தை. மகனுக்கு இரண்டரை வயது. என் வீட்டுக்காரருக்கு செராமிக் கம்பெனியில் சூளைப் பக்கம் வேலை. விடிந்ததும் போனால் இருட்டித்தான் வருவார். பாப்பா பகல் முழுக்க அழுவாள். அவளைப் பார்த்து இவனும் அழுவான். நான் குளிக்காமல், தலை வாராமல் நடுவில் உட்கார்ந்திருப்பேன். சில நாள் அவளைத் தூக்கவே கை வராது. பெற்ற பிள்ளையைத் தூக்கப் பிடிக்காத தாய் உண்டா? நினைத்து நினைத்து அழுவேன்.

யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பட்டமும் வாங்கினேன். பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டப் போகிற எங்கம்மா, "எம்பொண்ணுக்கு யாரும் ஒண்ணும் சொல்லித் தர வேணாம், அது படிச்ச புள்ள" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் பீற்றிக்கொள்வார். அந்த அம்மாவிடம் போனில், "எல்லாம் நல்லாயிருக்கும்மா" என்றே சொன்னேன். நம் சபைச் சகோதரிகள் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு மதியத்தில் போய் ஒத்தாசை செய்கிறார்கள். அந்த அறிவிப்பை வாசித்தவளும் நான்தான். அது வேறு யாருக்கோ என்று நினைத்தேன்.

"கர்த்தாவே, யாருக்கும் தெரியாம என்னைக் காப்பாத்தும்." இதுதான் என் ஜெபம். உதவியும் வேண்டும், கௌரவமும் போகக் கூடாது.

ஒரு மதியம் பாப்பா வீறிட்டு அழுதாள். நிறுத்தவே இல்லை. எனக்குள் ஒரு கோபம் எழும்பியது. என் கைகளைப் பார்க்கவே எனக்குப் பயமாயிருந்தது. அவளைப் பாயில் கிடத்தினேன். மகன் தூங்கிக்கொண்டிருந்தான். வெளியே வந்து கதவைப் பூட்டிவிட்டு, வெயிலில் செருப்பில்லாமல் நின்றேன். "இயேசப்பா, இப்ப வாங்க" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஸ்டெல்லா அக்கா. அடுத்த தெருவில் ஒரு தாய்க்கு ஒத்தாசை செய்துவிட்டுத் திரும்புகிறார். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"என்னாம்மா வெயில்ல நிக்கற? உள்ள புள்ள அழுவுதே?"

"சாவியக் காணலக்கா."

சாவி என் கையில் இருந்தது. அக்கா அதைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"பூட்டு இறுகிக் கெடக்கும். குடு, நான் தொறக்கறேன்."

உள்ளே போய் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டார். அழுக்குத் துணி, கழுவாத பாத்திரம், புளித்த பால்புட்டி. நான் அவசர அவசரமாக அள்ளினேன்.

"அத வுடு. எங்க வூடு கெடந்த கெடைக்கு எலியே கோவிச்சுக்கிட்டு போயிடுச்சு. நீ போய் தலைக்கு ஊத்திக்கிட்டு வா."

குளியலறையில் வாய்விட்டு அழுதேன். திரும்பி வந்தபோது பாப்பா தூங்கியிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், என் கைகளைப் பற்றிய பயத்தையும். அக்கா பதறவில்லை. மறுநாள் டாக்டரிடம் கூட வந்தார். வீட்டுக்காரரிடம் நான் சொன்னபோதும் பக்கத்தில் இருந்தார். பிறகு செவ்வாய்தோறும் வந்தார். அம்மாவிடமும் போனில் உண்மையைச் சொன்னேன். அவரோ, "ஏன்டி, எனக்கு ஒரு போன் போட மாட்டியா? கரும்பு எங்க ஓடிடப் போவுது?" என்று திட்டிக்கொண்டே பஸ் ஏறி வந்தார்.

யாருக்கும் தெரியாமல் கேட்டேன். கர்த்தர் தெருவிலேயே நிற்கவைத்துப் பதில் கொடுத்தார். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அக்காவைப் பார்த்தால் தலை குனிகிறது. ஆனால் பாப்பா இப்போது அழுதால் என் கை தானாக நீளுகிறது. அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன்.

இந்த மாதம் முதல் நானும் அக்காவோடு வீடுகளுக்குப் போகிறேன். சகோதரி, நீங்களும் என்னைப் போலவே ஜெபித்துக்கொண்டிருந்தால், அவரை நம்புங்கள். அவர் யாரையாவது அனுப்புவார். எங்களை அனுப்பினால், சாவியைக் காணவில்லை என்றே சொல்லுங்கள். பரவாயில்லை. கையை மட்டும் நீட்டுங்கள், நாங்கள் திறக்கிறோம்.