பெரிய வியாழனுக்குக் கழுவிய கால்கள்

பெரிய வியாழன் பூசையில், இயேசு தம் சீடருக்குச் செய்ததுபோல, பாதம் கழுவப் பன்னிரண்டு பேரை இருத்துவார்கள். ஆண்களை மட்டும் இருத்திய காலம் போய், எங்கள் பங்கில் இப்போது பெண்களையும் இருத்துகிறார்கள். அந்த வருடம் உபதேசியார் வீட்டுக்கு வந்து என் பெயரையும் எழுதிக்கொண்டு போனார். எனக்குப் பெருமைதான். இல்லை என்று சொன்னால் அதற்கு வேறாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டிவரும்.

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பங்குச் சுவாமி கழுவப்போகும் கால்களை நாங்கள் வீட்டிலேயே கழுவி முடித்துவிடுவோம். கருவாடு போடுகிற கால்கள் எங்களுடையவை. உப்பு குதியைப் பிளந்திருக்கும், செதில் நகக்கண்ணுக்குள் ஏறியிருக்கும். அந்தக் காலைச் சுவாமியின் வெள்ளைத் துவாயில் வைக்க யாருக்கு மனம் வரும்? அதனால் பன்னிரண்டு பேரும் பூசைக்கு முந்தியே சவர்க்காரமும் கல்லுமாகக் கிணற்றடிக்குப் போய்விடுவார்கள். கோயிலில் சுவாமி ஊற்றும் தண்ணீர் ஊற்றியபடியே தெளிவாகக் கிண்ணத்தில் கிடக்கும். கழுவிய காலை எதற்குத் திரும்பக் கழுவுகிறார் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றைக்கு நான் ஒரு மணித்தியாலம் தேய்த்தேன். மாரடைப்பு வந்து பிழைத்த என் வீட்டுக்காரர் வாசலில் கதிரை போட்டிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“கலியாணத்துக்குக்கூட நீ இப்பிடித் தேய்க்கேல்லை” என்றார்.

“கலியாணத்தண்டு நீங்கள் என்ர காலையோ பாத்தனீங்கள்?” என்றேன்.

மூன்று வருடத்துக்கு முந்தி, அவர் ஆசுபத்திரியில் கிடந்த நாட்களில்தான் என் அக்காவோடு பேச்சு முறிந்தது. அக்கா என் கூடப்பிறந்தவள், அடுத்த வளவில் இருக்கிறாள். கரையிலும் பக்கத்துப் பக்கத்து இடங்களில்தான் பழைய வலையை மணலில் விரித்து மீனைக் காயப்போடுவோம். மழை இருட்டினால், கரையில் நிற்கிறவர் எல்லாருடைய மீனையும் அள்ளிக் குவித்துப் படங்கால் மூட வேண்டும். யாருடையது என்று பார்க்கக் கூடாது. முகம் பார்க்காத சண்டைக்காரர்கூட இதைச் செய்யாமல் விட்டதில்லை. நான் ஆசுபத்திரியில் அவருடைய தலைமாட்டில் நின்ற ஒரு நாள் மழை கொட்டியது. அக்கா தன் மீனை மட்டும் மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். என்னுடைய கட்டாக் கருவாடு முழுக்க நனைந்து புழுத்துப் போனது.

மீன் போனது பெரிதில்லை. என் புருசன் சாகக் கிடக்கும்போது கூடப்பிறந்தவளே இப்படிச் செய்தாளே என்பதுதான் ஆறவில்லை. தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். வயிறு வேறாக இருக்கட்டும், வானம் ஒன்றுதானே என்று கரையெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஏன் செய்தாய் என்று அவளிடம் மட்டும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அதே மாதங்களில் இன்னொன்றும் தொடங்கியது. விடியற்புறம் வள்ளங்கள் வரும்வரை கரையில் காத்திருக்க வேண்டும். பங்கின் வாட்ஸ்அப் குழுவில் அன்றைய நற்செய்தி வரும். ஐஸ் போடுகிற ரெஜிபோம் மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு, அதில் இருந்து வாசிப்பேன். பிறகு இயேசுவோடு கதைப்பேன். அதற்கு முதல் எனக்குச் செபம் என்றால் செபமாலைதான். வாய் ஓடிக்கொண்டிருக்கும், மனம் அடுப்பில் வைத்த உலையில் இருக்கும். வீட்டுக்காரர் தேறி வந்ததற்கு நன்றி சொல்லப்போய், அப்படியே பழகிவிட்டது. பெட்டியில் ஒரு பக்கமாகத் தள்ளி இருப்பேன், இயேசுவுக்கும் இடம் வேண்டுமே என்று. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

கதைத்தது என்ன? அக்காவைப் பற்றிக் கோள். அவள் இன்றைக்கு முகத்தை இப்படி வைத்திருந்தாள், கோயிலில் எனக்கு முன்னால் வந்து இருந்தாள் என்று ஒரு வருடம் முழுக்கச் சொன்னேன். மனிதர் என்றால் எழும்பிப் போயிருப்பார். ஒருநாள் எரிச்சலில், “நீர் ஆரின்ர பக்கம்?” என்று கேட்டேன்.

ஆனால் நாள்தவறாமல் ஒருவரோடு கூட இருந்தால், அவர் வாய் திறக்காமலே சில விசயங்கள் தெரியவரும். வாசிப்பில் அவர் யாரோடு சாப்பிட்டார், யாரைத் தொட்டார், எந்த இடத்தில் பேசாமல் நின்றார் என்று பார்த்துப் பார்த்து, அவருடைய முகம் எனக்குப் பிடிபட்டுப் போனது. எதைச் சொன்னால் அவருக்குச் சரிவராது என்று சொல்லவருகிறபோதே தெரிந்தது. கோள் பாதித் தொண்டையில் நின்றுவிடும். என் வாய் குறைந்தது. கோபம் அப்படியே கிடந்தது.

அந்த வியாழன் நான் கால் தேய்த்து முடிக்கிற நேரம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. உயிலங்குளத்தில் வயல் செய்கிறவர்கள் மழை வா என்று கும்பிடுவார்கள், நாங்கள் கருவாடு விரித்த நாளில் வராதே என்று கும்பிடுவோம். ஆண்டவர் யாருடையதைத்தான் கேட்பார்? வேலிக்கு அப்பால் கரையைப் பார்த்தேன். பெரிய கிழமை என்று ஒருவரும் மீன் விரிக்கவில்லை. அக்காவினுடையது மட்டும் கிடந்தது. அவள் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். கரையில் ஒரு மனிசரும் இல்லை.

உண்மையைச் சொல்லுகிறேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. நனையட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். முதல் துளி கையில் விழுந்தபோது, “இண்டைக்கு மட்டும் நீர் ஒண்டும் சொல்லாதேயும்” என்று இயேசுவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கரைச்சலாகிப் போனது. மூன்று வருடம் பக்கத்தில் இருந்தவரின் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? சவர்க்காரத்தை எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடினேன்.

காற்றில் படங்கு பறந்தது. முழங்காலில் நின்று மீனை அள்ளினேன், மூடி மூலைக்கு இரண்டு கல்லாக வைத்தேன். வேலை முடிய, பூசைக்கு இரண்டாம் மணி அடித்தது. வீட்டுக்குப் போய்வர நேரமில்லை. நனைந்த சேலையோடு கோயிலுக்குள் போய்ப் பன்னிரண்டாவது கதிரையில் இருந்தேன். மற்றப் பதினொரு பேருடைய கால்களும் பளபளவென்று இருந்தன. என்னுடையதில் சேறும் உப்பும் செதிலும்.

சுவாமி எனக்கு முன்னால் முழந்தாளிட்டார். காலைப் பின்னுக்கு இழுத்தேன். அவர் பிடித்து வைத்துத் தண்ணீர் ஊற்றினார். கிண்ணத்துத் தண்ணீர் கலங்கிப்போனது. அவர் இன்னொரு தடவை ஊற்றி விரலிடுக்கெல்லாம் கழுவினார். துவாயில் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டது. எனக்கு முதலில் வெட்கம் வந்தது, பிறகு அழுகை. மூன்று வருடமாகப் பெட்டியில் இருந்து இயேசுவுக்கு அக்காவின் அழுக்கைத்தான் காட்டியிருக்கிறேன். என்னுடையதை இன்றைக்குத்தான் கொண்டுவந்திருக்கிறேன், அதுவும் கழுவ நேரமில்லாமல் போனதால்.

பூசை முடிந்து வெளியே வந்தேன். மழை விட்டிருந்தது. மழைக்கு ஒதுங்கிய கழுதைகள் கோயில் மதிலோரம் நின்றன. அவற்றைத் தாண்டி அக்கா வந்தாள்.

“மழைக்க நான் கரைக்கு ஓடினனான். மீன் மூடிக் கிடந்தது” என்றாள். “மூலைக்கு ரெண்டு கல்லு வைக்கிறது நீதான்.”

நான் சேலைத் தலைப்பைப் பிழிந்தேன்.

“அண்டைக்கு உன்ர மீனை நான் மறந்துபோய் விடேல்லை. வேணுமெண்டுதான் விட்டனான். உன்ர மனிசனை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகேக்க ஊருக்கெல்லாம் சொன்னனீ, பக்கத்து வளவில இருக்கிற எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அந்தக் கோவம்.”

சொல்லவில்லைத்தான். அந்த அவசரத்தில் நினைவு வரவில்லை. முந்திய நானென்றால், அதற்காக என் மீனை அழுகவிடுவாயா என்று கோயில் வாசலிலேயே தொடங்கியிருப்பேன். அது வாய்வரைக்கும் வந்தது. வெளியே வந்ததோ வேறொன்று.

“இண்டைக்கு நானும் விடத்தான் இருந்தனான், அக்கா.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தன் முந்தானையால் என் தலையைத் துவட்டினாள்.

மறுநாள் பெரிய வெள்ளி. கடலுக்கு யாரும் போவதில்லை. ஆனாலும் விடிய எழும்பிக் கரைக்குப் போய்ப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு இருந்தேன். முறையிட ஒன்றும் இல்லாததால் சும்மா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அக்கா வந்து நின்றாள். பெட்டியில் மூன்று பேருக்கு இடம் காணாது. நான் எழும்பி மணலில் இருந்தேன்.