அவள் ஏன் பிந்தி வந்தாள்?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, பனி உருகத் தொடங்கிய ஒரு மார்ச் மாதம். ரொறன்ரோ நகரின் நடுவே இருந்த ஒரு ஹோட்டலின் இரண்டாம் மாடியில், நேர்முகப் பரீட்சைக்கு வந்தவர்களின் வரிசையில் கடைசி ஆளாக நான் உட்கார்ந்திருந்தேன். ஒன்ராறியோ மாகாணத்தின் வடக்கே, வெகு தொலைவில் இருக்கும் பெரிய நிலப்பரப்பு ஒன்றுக்கான பொதுப் பள்ளிச் சபைதான் அதை நடத்தியது. அந்தக் குளிருக்குப் போக ஆசிரியர்கள் அவ்வளவாக விரும்புவதில்லை என்பதால், அவர்களே இரண்டு நாள் இங்கே வந்து தங்கி ஆள் எடுத்தார்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் பதினான்கு வருடம் கணித ஆசிரியர். கனடாவுக்கு வந்த பிறகு ஐந்து வருடமாக, ரொறன்ரோவுக்கு அருகே பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். என் சான்றிதழ்களை இந்த நாடு ஏற்றுக்கொள்ளவே இரண்டு வருடம் போய்விட்டது. ரொறன்ரோவில் உள்ள பள்ளிகளுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டேன். பதில் வந்தால்தானே! கடைசியில் இந்த வடக்குத்தான் என்னைக் கூப்பிட்டது. மனைவியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "பனியெண்டா இஞ்சையும் பனிதானே. நீங்கள் திரும்பப் படிப்பிச்சாக் காணும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். வெயர்ஹவுஸிலிருந்து வந்து யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதனோடு வாழ்ந்து அவளும் களைத்துப் போயிருந்தாள்.

எங்கள் மாடிக்குடியிருப்பில் இருந்த ஒருவர், இங்கே அலுவலக வேலை பார்த்த அனுபவசாலி, ஒரு வாரம் எனக்குப் பயிற்சி கொடுத்தார். "மாஸ்ரர், அடக்க ஒடுக்கமா இருந்தா இஞ்ச வேலை தரமாட்டாங்கள். உங்களைப் பற்றி நீங்களே புழுகோணும். ஒரு கதை வைச்சிருங்கோ. ஒரு பிள்ளையை எப்பிடித் திருத்தினீங்கள் எண்டு." பதினான்கு வருடத்தில் கதைக்கா பஞ்சம்? யோசிக்காமலே ஒன்று வந்துவிட்டது. அதைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பக்கமும் கழுத்துப்பட்டி கட்டிய ஆண்கள். நடுவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், நரைத்த முடியைப் பின்னி முன்னால் போட்டிருந்தார். பூர்வகுடிப் பெண் என்று பார்த்ததும் தெரிந்தது. குறிப்பெடுக்க வந்தவர் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, கேள்விகளுக்கெல்லாம் ஆண்களைப் பார்த்தே பதில் சொன்னேன். அந்தப் பள்ளிகளுக்கெல்லாம் மேலதிகாரி அவர்தான் என்பது பாதியில்தான் விளங்கியது. சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. பள்ளிக்கூடம் உள்ள இடங்களில் சிவப்பு ஊசி குத்தியிருந்தார்கள். ஒரு ஊசிக்கும் மறு ஊசிக்கும் இடையில் எங்கள் முழு இலங்கையையும் வைத்துவிடலாம் போலிருந்தது.

ஒழுங்கில்லாமல் வரும் பிள்ளையை எப்படிக் கையாள்வீர்கள் என்று ஒருவர் கேட்டார். நான் காத்திருந்த கேள்வி! கதையை எடுத்துவிட்டேன்.

பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி. கணக்கில் கெட்டிக்காரி. ஆனால் முதல் பாடத்துக்கு நாள் தவறாமல் பிந்தித்தான் வருவாள். முதல் பாடம் என்னுடையது. பலமுறை எச்சரித்தேன். தலை குனிந்துகொண்டு நிற்பாளே ஒழிய வாய் திறக்கமாட்டாள். ஒரு திங்கட்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. முழு வகுப்புக்கும் முன்னால் தண்டித்தேன். அடுத்த நாளிலிருந்து ஒரு நாள்கூட அவள் பிந்தியதில்லை. சாதாரணதரப் பரீட்சையில் எட்டுப் பாடங்களிலும் அதிவிசேட சித்தி. இப்போது இதே ரொறன்ரோவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். இவ்வளவையும் ஒரு பிழையில்லாமல் சொல்லி முடித்தேன்.

எப்படித் தண்டித்தீர்கள் என்று அந்தப் பெண் கேட்டார். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. உள்ளங்கையில் பிரம்பால் நாலு அடி என்றேன். இங்கே அது கூடாது என்பது தெரியும் என்றும் அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அவள் ஏன் பிந்தி வந்தாள்?

சோம்பலாக இருக்கும் என்றேன். பிறகு, வீடு கொஞ்சம் தூரம் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டேன்.

தங்கள் ஊர்களில் பெற்றோர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து பள்ளி வாசலோடு நின்றுவிடுவார்கள், உள்ளே கால் வைக்கமாட்டார்கள் என்று அவர் சொன்னார். சின்ன வயதில் அந்தப் பெற்றோர்களை அரசாங்கத்தார் வீட்டிலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் போட்டு, தாய்மொழி பேசியதற்காக அடித்தார்களாம். தானும் அப்படி ஒன்றில் படித்தவள்தான் என்றார். என் கண்ணைப் பார்த்து, அந்த மாணவி இந்த நகரத்தில்தானே இருக்கிறாள், நீங்கள் அவளிடமே கேட்கலாமே என்றார். அதோடு நேரம் முடிந்தது.

இரண்டாம் கிழமை கடிதம் வந்தது. வருந்துகிறோம் என்ற வழக்கமான வசனம். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. நான் கொஞ்சம் முற்கோபக்காரன். என்னிடம் அடி வாங்கியவர்களில் எத்தனை பேர் கல்யாண வீடுகளில் என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்று நீங்கள் அடித்திருக்காவிட்டால் இன்று நான் ஆளாகியிருக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்கள்! அவளும் அதைத்தான் சொல்லப்போகிறாள், அதை அப்படியே எழுதி அந்த அம்மாவுக்கு அனுப்புவேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக அல்ல, என் பக்க நியாயத்தை வாங்கி வருவதற்காகத்தான் அவளைத் தேடினேன்.

நம்மவர்களிடையே ஒருவரைக் கண்டுபிடிக்க நாலு தொலைபேசி அழைப்பு போதும். சனி, ஞாயிறுகளில் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு கோப்பிக் கடையில் வேலை செய்கிறாள் என்று தெரிந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். என்னைக் கண்டதும் கைத் துணியைப் போட்டுவிட்டு, "ஐயோ சேர்!" என்று ஓடி வந்தாள். பதினைந்து நிமிட இடைவேளை வாங்கிக்கொண்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். ஊர்க் கதை, படிப்பு, அவளுடைய தாய் எல்லாம் பேசினோம். பத்து நிமிடம் அதிலேயே போய்விட்டது. பிறகு, அந்த நாளில் ஏன் பிள்ளை எப்போதும் பிந்தி வந்தாய் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"உந்தக் கதை ஏன் சேர் இப்ப?" என்று அவளும் சிரித்தாள். நான் விடவில்லை. அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நேர் ரோட்டில ஆமிச் சென்றி இருந்ததெல்லே சேர். தனியாப் போற பொம்பிளைப் பிள்ளையளை மறிப்பாங்கள். அந்த ரோட்டாலை போகாதை எண்டு அம்மா சத்தியம் வாங்கினவ. அதுதான் வயலுக்குள்ளாலை சைக்கிளை உருட்டிக்கொண்டு சுத்தி வாறனான்."

அந்தக் காவலரண் எனக்கும் தெரிந்ததுதான். தினமும் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு அதைக் கடந்துதான் நானும் பள்ளிக்கு வந்தேன். ஆண்களை அவர்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. என் மாணவிகள் எந்த வழியால் வருகிறார்கள் என்று ஒரு நாளாவது நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அப்போதும் என் மண்டைக்குள் ஒரு கணக்கு சரிவராமல் நின்றது. அடுத்த நாளிலிருந்து அவள் நேரத்துக்கு வந்தாளே! ஒருவேளை தாய் வேளைக்கு எழுப்பி அனுப்பியிருப்பாள் என்று நினைத்து அதையும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வேளைக்கு வெளிக்கிட ஏலாது சேர், விடியக்காத்தாலை ஊரடங்கு. அதுக்குப் பிறகு நான் சென்றி ரோட்டாலைதான் வந்தனான். அம்மாவுக்கு இண்டைக்கும் தெரியாது."

எவ்வளவு காலம் என்று கேட்டேன். சோதினை முடியும் வரைக்கும் என்றாள். பத்து மாதம்.

"சில நாள் விட்டிடுவாங்கள். சில நாள் புத்தகங்களை ரோட்டில கொட்டச் சொல்லுவாங்கள்" என்றவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். மற்ற நாட்களைப் பற்றி அவள் சொல்லவில்லை. கேட்கும் தைரியம் எனக்கு இருக்கவில்லை. அவளுடைய கை மேசையில்தான் இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் வெளியே போகும் கார்களைப் பார்த்தேன். ஏன் பிள்ளை எனக்குச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அடித்திருப்பேனா என்று கேட்டபோது என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"பெடியளுக்கு முன்னாலை எப்பிடிச் சேர் சொல்லுறது?" என்றாள். சற்று யோசித்துவிட்டு, குற்றம் சாட்டும் தொனி துளியும் இல்லாமல் சொன்னாள்: "சொல்லுறதை விட அடி லேசாயிருந்தது."

நான் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் ஊரில் ஆசிரியர் மாணவியிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் இல்லை. அவள் பதறிப்போய் எழுந்துவிட்டாள். "என்ன சேர் இது! நீங்கள் படிப்பிச்ச கணக்காலைதான் நான் இஞ்ச நிக்கிறன்" என்றாள். அவள் அதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னாள். என்னால் தாங்க முடியாமல் போனது அதைத்தான். இடைவேளை முடிந்து அவள் உள்ளே போனாள். நான் பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்று, வந்த இரண்டு பேருந்துகளையும் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் அந்த ஊரில் பெண்ணாக வாழ்ந்தவள். "எல்லாரும்தான் வயலுக்குள்ளாலை சுத்தினனாங்கள்" என்றாள். அதையும் அன்றுதான் முதல் தடவையாகக் கேள்விப்பட்டேன்.

வடக்கின் அந்த அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். மாணவியிடம் கேட்டேன், இதுதான் பதில், எனக்கு வேலை தராமல் விட்டது சரி என்று எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

பிறகு இரண்டு வருடம் கழித்து ரொறன்ரோவிலேயே, ஆசிரியர் வராத நாட்களில் நிரப்பும் மாற்று ஆசிரியராகச் சேர்ந்து, மெல்ல மெல்ல நிரந்தரமும் ஆனேன். பிந்தி வரும் பிள்ளையை நான் வாசலில் மறிப்பதில்லை. வந்து உட்காரச் சொல்வேன். வகுப்புக் கலைந்த பிறகு தனியாகக் கேட்பேன். அநேகமானோர் பஸ் பிந்திவிட்டது என்றுதான் சொல்வார்கள். அதற்கு மேல் துருவமாட்டேன். கேட்டாலும் சொல்ல முடியாதவை சில பிள்ளைகளிடம் இருக்கும் என்பதையும் அவள்தான் எனக்குக் கற்றுத் தந்தாள்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். பிந்தி வந்த பிள்ளைகள் யாரும் என் நினைவில் இல்லை; அந்தப் பத்து மாதமும் மணியடிக்கும் முன்பே வந்து தன் இடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே, மிகுந்த திருப்தியோடு நான் போட்டுக்கொண்டு போன வரவு அடையாளங்கள்தான் இன்றைக்கும் என்னை நிம்மதியாக இருக்க விடுவதில்லை.