வார்டில் யாருக்கும் புரியாத மொழி

துபாயில் கட்டடங்களுக்குக் காவலாளிகளை அனுப்பும் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். வேலை என்றால் பெரும்பாலும் பேசுவதுதான். நேபாளியிடமும் பாகிஸ்தானியிடமும் இந்தி, ஆபீசில் இங்கிலீஷ், கட்டட முதலாளிகளிடம் அரைகுறை அரபி. சாயங்காலம் கராமா ஏரியாவில் இருக்கும் வீட்டுக்கு வந்தால் மகளிடமும் இங்கிலீஷ். தமிழில் கேட்டால் அவளுக்குப் புரியும், பதில் மட்டும் வராது. மனைவி ஏதாவது பேச ஆரம்பித்தால் பல நாள் எனக்கு ‘உம்’ கொட்டத்தான் தெம்பு இருக்கும்.

போன கோடையில் எங்கள் காவலாளி ஒருவர் டூட்டியில் மயங்கி விழுந்தார். கானா நாட்டுக்காரர், நாற்பதைத் தாண்டியவர். கேட்டில் எவன் கத்தினாலும் குரல் உயர்த்தாமல் நல்ல இங்கிலீஷில் பேசி அனுப்பிவிடுவார். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். கண் விழித்தபோது வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சு வந்தது. ஆனால் அது இங்கிலீஷ் இல்லை.

டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுக் கேட்டார்: “இவர் பேசுகிறாரா, உளறுகிறாரா? அது தெரிந்தால்தான் மூளை எந்த அளவு பாதித்திருக்கிறது என்று சொல்ல முடியும்.”

ஊரில் யாரிடமாவது கேட்கலாம் என்றால், கம்பெனியில் அவர் கொடுத்திருந்த நம்பர் போகவில்லை. அவருடைய ஃபோன் விழுந்த இடத்திலேயே நொறுங்கிப்போயிருந்தது. தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் அவரோடு ஒரே ரூமில் இருந்த கானாக்காரரை அழைத்துவந்தேன். டூட்டி முடித்து யூனிஃபார்மோடு வந்தவர், கட்டிலருகே குனிந்து ஏதோ பேசினார். படுத்திருந்தவர் அவரையே பார்த்தார், வேறு ஏதோ சொன்னார், தலையை ஆட்டினார்.

“புரியல சார்” என்றார் ரூம்காரர்.

“ரெண்டு பேரும் ஒரே நாடுதானே?”

“ரூம்ல நாங்க ட்வியிலதான் பேசிக்குவோம். அது என் பாஷை. அவரு வடமேற்குப் பக்கம். வேலைக்குத் தெற்கே வந்தப்ப அதைக் கத்துக்கிட்டாரு, இப்போ அது போயிடுச்சு போல. அவங்க வீட்டுப் பாஷை டகாரே. எனக்கு ஒரு வார்த்தை தெரியாது.”

“எத்தனை பாஷைப்பா உங்க நாட்டுல?”

“உங்க நாட்டுல எத்தனை சார்?” என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. தூக்கம் இல்லாதவன் குரல் அது.

படுத்திருந்தவர் பேசியதை ரூம்காரர் ஃபோனில் பதிந்து, தெரிந்த கானாக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். ஏவே பேசுகிறவர், ஹவுசா பேசுகிறவர் என்று ஒவ்வொருவராகக் கேட்டு, தெரியாது என்றார்கள். அதற்குள் வார்டில் நிலைமை மோசமானது. திருப்பிப் படுக்கவைக்கப் போனாலே அவர் கத்தினார், இடது கையால் தள்ளினார். மலையாளி நர்ஸ் என்னிடம், “இப்படியே போனா அந்தக் கையைக் கட்டிலோட கெட்டி வைக்கணும் சாரே” என்றார்.

மறுநாள் மத்தியானம் ஒரு பதில் வந்தது. ஷார்ஜாவில் ஒரு குஜராத்தி வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு அந்தப் பாஷை தெரியும். ஆனால் அவள் கானாக்காரி இல்லை, பக்கத்து நாடான புர்கினா ஃபாசோ. எல்லைக்கு இரண்டு பக்கமும் அதே ஜனங்கள்தானாம். வீட்டுக்கார அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி அவளைக் காரில் ஏற்றினேன். அவள் படித்தது பிரெஞ்சு, இங்கிலீஷ் வராது. என்ன செய்வது என்று நான் விழித்தபோது அவள், “பையா, ஏசி தோடா கம் கரோ” என்றாள். ஏசியைக் குறைக்கச் சொல்கிறாள், இந்தியில்! அந்த வீட்டில் கற்றுக்கொண்டது. எனக்குப் பாதி உயிர் வந்தது.

வார்டில் அவள் கட்டிலருகே நின்று மெதுவாக ஒரு வார்த்தை சொன்னாள். கண்ணை மூடியிருந்தவர் சட்டென்று திறந்தார். பதில் சொன்னார். அவள் மறுபடி கேட்டாள், அவர் மறுபடி சொன்னார். ஒரே தாளத்தில் போய்க்கொண்டே இருந்தது.

“என்ன சொல்றாரு?” என்றேன் இந்தியில்.

“இரு. இன்னும் விசாரிச்சு முடியல” என்றாள். வீடு, பிள்ளைகள், தூக்கம் எல்லாம் கேட்டு முடித்தால்தான் அவர்களுக்குப் பேச்சே தொடங்குமாம்.

பிறகு சொன்னாள். அவர் உளறவில்லை. சில வார்த்தைகள் மாறி வருகின்றன, அவ்வளவுதான். வலது தோள் வலியில் உயிர் போகிறது, அந்தப் பக்கம் திருப்பாதீர்கள் என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் அதை டாக்டருக்கு இங்கிலீஷில் சொன்னேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். விழுந்த வேகத்தில் தோள்மூட்டு விலகியிருந்தது.

காரில் திரும்பும்போது, “இங்க வந்ததுக்கு அப்புறம் ஃபோன்ல தவிர இந்தப் பாஷையை நான் பேசினதே இல்லை” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேடம் பால் வாங்கிவரச் சொன்னதாகவும் சூப்பர்மார்க்கெட் வாசலில் நிறுத்தும்படியும் சொன்னாள்.

சில வாரங்கள் கழித்து அவரை ஊருக்கு அனுப்பினோம். இங்கிலீஷ் துண்டு துண்டாகத் திரும்பியிருந்தது. ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலியில் இருந்தபடி என்னைப் பார்த்து, “டயர்ட், சார்” என்றார். “நானும்தான்” என்றேன், தமிழில். ஏன் தமிழில் வந்தது என்று தெரியவில்லை.

ட்வி மட்டும் அவருக்குத் திரும்பவே இல்லை. ரூம்காரருக்கு அதுதான் தாங்கவில்லை. “நாங்க சிரிச்சதெல்லாம் அதுலதான் சார்” என்றார். ஆனாலும் அன்றைக்கு நாற்காலியை அவர்தான் தள்ளினார். கவுன்டர்வரை விடாமல் ட்வியிலேயே பேசிக்கொண்டு போனார். உட்கார்ந்திருந்தவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக்கொண்டிருந்தார்.