கம்பியில்லா எல்முரோது

எல்முரோது ஊர் திரும்பிய செய்தியை நான் முதலில் கேட்டது ரிஷ்தானில், இனோபத் வீட்டுத் தந்தூர் அடுப்புக்கு முன்னால். இனோபத் என் சித்தப்பா மகள். அவளுடைய நாத்தனார் சுல்ஃபியாவின் மகளைக் கட்டியவன் அவன். அவன் பாட்டன் கோகண்டில் வண்டி ஓட்டினான், அப்பன் செங்கல் சூளை வைத்திருந்தான். மூன்று தலைமுறையிலும் வாய்க்கு மட்டும் குறைவில்லை.

"அக்கா, நம்ம எல்முரோது மாஸ்கோவுல இருந்து வந்துட்டான். என் மகன் கல்யாணத்துக்கு வீடு பூரா ஸ்பீக்கர் வைக்கப் போறான். ஒரு கம்பி கிடையாதாம், எல்லாம் காத்துல வருமாம்" என்றாள் இனோபத், ரொட்டியை ஒட்டிக்கொண்டே.

"அவங்கப்பன் உனக்கு அனுப்பறேன்னு சொன்ன செங்கல்லும் காத்துலதான் வந்துட்டிருக்கு" என்றேன்.

எல்முரோது மாஸ்கோவில் ஏழு வருஷம் கிடங்கில் பெட்டி தூக்கினான். பெட்டிக்குள் இருப்பதைப் பெட்டிமேல் இருந்த படத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டான் போல. வந்ததும் இனோபத்தின் செத்துப்போன புருஷன் வைத்திருந்த நல்ல ஸ்பீக்கரைக் கழற்றி, கம்பியோடு கோழிக்கூட்டில் போட்டான். "கம்பியெல்லாம் இல்லாதப்பட்டவங்க வீட்டுக்கு" என்றான். ஆம்ப்ளிஃபயரை உள்ளறை மாடத்தில் வைத்தான். அது வாங்கும் சத்தம் வீட்டு வைஃபை வழியாகப் போய், சமையலறையிலும் கூடத்திலும் முற்றத்து வாசலிலும் உள்ள ஸ்பீக்கர்களில் வரும். ஆட்டப் பாட்டு போட்டுக் காட்டினான். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

பிறகு அவன் பெண்டாட்டி மைக்கைப் பிடித்து "ஒண்ணு, ரெண்டு" என்றாள். அவள் வாயை மூடிய பிறகே ஸ்பீக்கர் "ஒண்ணு" என்றது.

"ஏங்க, லேட்டா வருது!"

"சும்மா இருடி. உனக்கு என்ன தெரியும்?"

நான் அங்கேதான் காரட் அரிந்துகொண்டிருந்தேன். காதில் விழுந்தும் கவனிக்காமல் விட்டேன். அது என் தப்பு.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை மருமகள் சலாம் சடங்கு. ஆண்டிஜானிலிருந்து வந்த பெண், நொசிமா, முழங்கால்வரை முக்காடு போட்டு வாசலில் நின்றாள். முற்றத்தின் இந்தக் கோடியில் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து நான் ஒவ்வொரு உறவாகப் பெயர் சொல்லிப் பாட வேண்டும். பெயர் விழுந்ததும் அவள் குனிய வேண்டும். தோயிரா மேளம் காதைக் கிழித்தது. அவளுக்குக் கேட்டதெல்லாம் எல்முரோது அவள் காதருகே வைத்த ஸ்பீக்கர்தான்.

"மாப்பிள்ளையைப் பெற்று வளர்த்த மாமியார் இனோபத்துக்குச் சலாம்!" என்றேன். அவள் கம்பம்போல் நின்றாள். மூச்சு வாங்கி, "மாப்பிள்ளையின் அத்தை சுல்ஃபியாவுக்குச் சலாம்!" என்று முடித்தேன். அப்போது குனிந்தாள் பாருங்கள், நெற்றி முழங்காலில் படுமளவு.

இனோபத்தும் சுல்ஃபியாவும் பதினோரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சுல்ஃபியா வாயைப் பொத்திச் சிரித்தாள். இனோபத் முகம் கறுத்தது.

"பாத்தியாக்கா? வந்த மறுநாளே யார் பக்கம்னு காட்டிட்டா."

எல்முரோது பாய்ந்து வந்தான். "அத்தை, ஸ்பீக்கர்ல குத்தமே இல்ல. பொண்ணுதான் மந்தம்."

சத்தம் பிந்தி வருவது தெரிந்தே சொன்னான், பாவி! முதல் சலாம் தப்பினால் அந்தப் பெண்ணை நாற்பது வருஷத்துக்குச் சொல்லிச் சொல்லிக் குத்துவார்கள் எங்கள் ஊரில்.

"எல்முரோது, நீ மந்தமில்லையே?" என்றேன்.

"நானா பெரியம்மா?"

"அப்போ அவ நின்ன எடத்துல நில்லு. பேர் கேட்டதும் குனி."

"விளையாடாதீங்க, ஆம்பள நான்..."

"நில்லுடா" என்றாள் இனோபத்.

என் சால்வையைத் தலைவழியே போர்த்தி நிறுத்தினார்கள். தோயிரா அடிக்கிறவளுக்குக் கண் காட்டினேன், ஓங்கி அடித்தாள்.

"மாமியார் சுல்ஃபியாவுக்குச் சலாம்!" நின்றான். "கோழிக்கூட்டோரம் கட்டின கழுதைக்குச் சலாம்!" குனிந்தான், இடுப்பொடிய. அதற்குப் பிறகுதான் ஸ்பீக்கர் "கழுதைக்கு" என்றது.

முற்றமே புரண்டு சிரித்தது. சுல்ஃபியா மட்டும் சிரிக்கவில்லை.

"டப்பாவப் பிடுங்கி எறிங்க!" என்றாள் இனோபத். மைக்கை வைத்துவிட்டு நொசிமாவுக்கு இரண்டடி முன்னால் போய் நின்று வெறும் தொண்டையில் முதலிலிருந்து பாடினேன். ஒரு பெயர் தப்பவில்லை. "மாமியார் இனோபத்துக்கு" என்றபோது அந்தப் பெண் குனிந்து, நிமிர நேரம் எடுத்தாள். இனோபத் எழுந்து போய், தன் தோளிலிருந்த பட்டுத் துணியை அவள் தோளில் போட்டாள்.

ரிஷ்தானில் இன்றைக்கும் எல்முரோது தெருவில் போனால், பெண்கள் இரண்டு நொடி பொறுத்துக் குனிகிறார்கள். அதனால் அவன் அங்கே வருவதே அபூர்வம். இப்போது கோகண்ட் பஸ் நிலையத்தருகே தகரக் கடையில் போன் உறை விற்கிறான். குடியிருப்பது அங்கேயே, மாமியார் சுல்ஃபியா வீட்டுப் பின்கட்டில்.