பால்வெள்ளைக் காரில் சிவப்புப் புள்ளி

கார் துடைத்தே என் இளவயது போய்விட்டது என்று சொன்னால் இந்தக் காலத்துப் பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தக் காரில் ஏறி நான் பார்த்த ஊர் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. துடைத்ததற்கு மட்டும் அளவே இல்லை.

என் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டினார். அப்போது அதைப் பிளசர் என்றுதான் சொல்வோம். நாகர்கோவிலிலிருந்து ராஜாக்கமங்கலம் போகிற ரோட்டில், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. ஒரே வளவுக்குள் இரண்டு குடித்தனம். முன்பக்கம் அவருடைய அண்ணனும் அண்ணன் பெண்டாட்டியும், பின்பக்கம் நாங்கள். தெற்கு மூலையில் அண்ணனின் கொல்லுப்பட்டறை. அரிவாள், மண்வெட்டி, ஜன்னல் கம்பி எல்லாம் அங்கே அடிப்பார். பட்டறையை ஒட்டிய ஓலைச்சாய்ப்பில்தான் கார் நிற்கும்.

ஊரில் ஓடிய வாடகைக் காரெல்லாம் கறுப்பு. இவர் மட்டும், பலபேர் கைமாறி வந்த பழைய வண்டியை வாங்கி, கல்யாணச் சவாரி கிடைக்கும் என்று பால்வெள்ளை அடித்தார். சவாரி கிடைக்கத்தான் செய்தது. ஆனால் வெள்ளையில் ஒரு ஈ உட்கார்ந்தாலும் தெரியும். கறுப்பாக இருந்திருந்தால் என் பாடு பாதி குறைந்திருக்கும்.

சவாரிக்காரன் பெண்டாட்டிக்கு ராத்திரி ஏது, பகல் ஏது? திருவனந்தபுரத்துக்கு ஆள் ஏற்றிப் போனால் எப்போது திரும்புவார் என்று தெரியாது. சவாரி இல்லாத நாளில், வந்தாலும் வரும் என்று ஸ்டாண்டிலேயே படுத்துக்கிடப்பார். வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி ஊற்றி நான் அலுத்துப்போனேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு என் புருஷன் வீட்டில் இருக்க வேண்டும். அந்த ஒன்றைத்தான் நான் எல்லாச் சாமியிடமும் கேட்டேன்.

அப்படியிருக்கும்போது ஒருநாள் அவர் வந்த வேகத்திலேயே சொன்னார்: "ஏட்டி, ரப்பர்த் தோட்டத்து முதலாளி ஒருத்தரு மாசச் சம்பளத்துக்குக் காரோட ஆளு தேடுதாராம். வீடு இங்கன டவுண்லதான். காலைல கூட்டிட்டுப் போணும், அந்திக்குக் கொண்டு விடணும். அதோட சோலி தீந்துது. விஜயதசமி அன்னைக்கு வீட்டுக்கே வந்து வண்டியப் பாக்குதேன்னு சொல்லியிருக்காரு, கேட்டியா?"

கேட்டேன். அந்தி என்ற சொல்லை மட்டும்தான் கேட்டேன்.

ஆனால் வண்டிக்கு அந்த வருஷ மழை தொடங்கியதிலிருந்தே ஒரு சீக்கு. மேல்கூரையிலும் பின்புறத்திலும் கடுகுபோலச் சிவப்புப் புள்ளிகள். தண்ணீர் விட்டுக் கழுவினால் போகாது. விரலால் தடவினால் சொரசொரவென்று நெருடும். ஸ்டாண்டில் சும்மா விடுவார்களா? "உம்ம வண்டிக்கு அம்மை போட்டிருக்கே வே, வேப்பிலை கட்டும்" என்று கேலி செய்தார்களாம். கடல் காற்று என்றார் ஒருவர். பெயிண்ட் அடித்தவன் ஏமாற்றிவிட்டான் என்றார் இன்னொருவர். இவர் கண்ணேறு என்று முடிவுகட்டி பூசணிக்காய் உடைத்தார். அதோடு நின்றிருக்கலாம். வெங்கல விளக்கு மின்னுகிறதே என்று, விளக்குத் தேய்க்கிற செங்கல்பொடியை எடுத்து டிக்கியில் வைத்துத் தேய்த்துவிட்டார். புள்ளி போயிற்று, பளபளப்பும் சேர்ந்து போயிற்று. அந்த இடம் மட்டும் சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆகிவிட்டது. சவம், என்னத்தச் சொல்ல!

காரணம் எனக்குத் துணிக்கொடியில் பிடிபட்டது. பட்டறைப் பக்கம் உலர்த்திய வெள்ளை வேட்டிகளிலும் அதே புள்ளிகள், வீட்டுப் பின்னால் உலர்த்தியதில் ஒன்றுகூட இல்லை. அண்ணன் முன்பெல்லாம் தண்ணீர் சொட்டவிட்டுக் கையால் சுற்றுகிற சாணைக்கல்லில் தீட்டுவார். அந்த வருஷம் கரண்டில் ஓடுகிற சாணை வாங்கியிருந்தார். அரிவாளை வைத்தால் மத்தாப்பு மாதிரிப் பொறி பறக்கும். பறப்பது நெருப்பா? இரும்புப்பொடி அல்லவா! அது கார்மேல் வந்து பதிகிறது, பனியும் உப்புக்காற்றும் பட்டுத் துருப்பிடிக்கிறது. பட்டறையில் ஆணி பொறுக்குகிற காந்தத்தை ஒரு மல்துணியில் சுற்றிக் கார்மேல் படாமல் காட்டினேன். துணி கறுப்பாயிற்று.

அண்ணனிடம் நேராகச் சொல்ல முடியாது. புருஷனின் மூத்தவர் முன்னால் நின்று பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. என்ன என்றாலும் அவர் பெண்டாட்டி, என் ஓரகத்தி வழியாகத்தான் போக வேண்டும். அவளிடம் சொன்னேன். அவள் முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பட்டறைய நிறுத்தச் சொல்லுதியா? இந்த வளவுல ரெண்டு அடுப்பு எரியது எதுலன்னு நெனச்சே? வேணும்னா ஒங்க பிளசரக் கொண்டு ரோட்டுல நிறுத்து."

"நிறுத்தச் சொல்லல அக்கா. சாணைய அந்தப் பக்கமாத் திருப்பி வைக்கச் சொல்லுங்கன்னுதான்..."

"நீயே போய்ச் சொல்லு."

சொல்ல முடியாது என்று தெரிந்தே சொல்கிறாள் பாருங்கள். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அண்ணன் மனசு நோவும், ஒண்ணும் பேசாத" என்றார். ஆக, பேசாமல் செய்ய முடிந்ததைச் செய்தேன். பழைய வேட்டிகளை ஒன்றாகத் தைத்துக் காருக்கு ஒரு மூடாப்பு. விடிந்ததும் மூடாப்பை மெல்லச் சுருட்டி எடுத்து வெளியே உதறுவது, காந்தத்தைக் காட்டுவது, பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுவது. காய்ந்த துணியை மட்டும் கார்மேல் வைக்க மாட்டேன். வைத்தால் அந்தப் பொடியே கீறிவிடும். புதிதாகப் புள்ளி விழுவது நின்றது. என் இடுப்பு போயிற்று.

அஷ்டமி வந்தது. எங்கள் பக்கம் அன்று அந்தியில் பூசை வைத்தால், தசமி காலையில்தான் எடுப்பது. நடுவில் புத்தகத்தையும் தொடக்கூடாது, ஆயுதத்தையும் தொடக்கூடாது. பூசைக்கு வைக்கிற ஆயுதம் மழுங்கிக் கிடக்கலாமா என்று அண்ணன் மத்தியானம் முழுக்கச் சாணை பிடித்தார். பிறகு பட்டறையைப் பெருக்கித் தூத்துவாரினார்கள். நான் கோலப்பொடி இடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மூடாப்பைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு, என் வீட்டுக்காரர் காருக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருக்கிறார். மாலை போட்டாயிற்று. முன்னால் சம்மட்டி, குறடு, அந்தச் சாணை எல்லாம் வரிசையாக. தூத்த தூசி இன்னும் வெளிச்சத்தில் பறந்துகொண்டிருந்தது. அண்ணன் மாவிலையால் எல்லாவற்றின் மேலும் தீர்த்தம் தெளித்தார். இரும்புப்பொடி, அதன்மேல் தண்ணீர். உலக்கையைப் போட்டுவிட்டு என் வீட்டுக்காரர் பக்கத்தில் போய் நின்றேன்.

"காரையாவது கழுவி வச்சிருதேன்" என்று அவர் காதில் சொன்னேன்.

"பூசை வச்சாச்சு. தொடப்பிடாது."

"காரு என்ன ஆயுதமா?"

"பின்ன? நம்ம சோறு அதுலதான?"

நவமி காலையில் ஓலை இடுக்கு வழியாகப் பார்த்தேன். லேசாகச் சிவந்திருந்தது. சாயங்காலம் பார்த்தேன், நன்றாகவே சிவந்திருந்தது. ஊரெல்லாம் அவலும் சுண்டலும் தின்கிறது. நான் மட்டும் துஷ்டி விழுந்த சாவு வீட்டுக்காரி மாதிரி அந்தச் சாய்ப்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

தசமி காலையில் பூசை எடுத்ததும் காரை வெளியே தள்ளினார்கள். வெயிலில் பார்த்ததும் இவர் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து செங்கல்பொடி டப்பாவைத் தேடினார். எனக்கு வந்ததே ஒரு ஆங்காரம்!

"அதத் தொட்டீரோ, நான் எங்க அம்ம வீட்டுக்குப் போயிருவேன். கிணத்துலருந்து வெள்ளம் மட்டும் கோரித் தாரும். வேற ஒண்ணும் செய்யாண்டாம்."

முந்தின ராத்திரியே புளியைக் கரைத்து, திப்பி இல்லாமல் வடிகட்டி வைத்திருந்தேன். காந்தத்தைக் காட்டினேன், வண்டியைக் கழுவினேன். புளித்தண்ணீரில் துணியை முக்கிப் புள்ளிகள்மேல் போர்த்தினேன். தேய்க்கவில்லை, காயவிடாமல் நனைத்துக்கொண்டே இருந்தேன். ஊறியதும் கழுவிவிட்டு, பானை வனைகிறவர்கள் வீட்டில் வாங்கிய கல்லில்லாத களிமண்ணை உள்ளங்கையில் தட்டையாக்கி, தண்ணீர் வழிய வழிய லேசாக இழுத்தேன். மண்ணோடு துரு ஒட்டி வந்தது. ஒட்டியதும் அந்தப் பக்கத்தை உள்ளே மடித்துவிட்டுப் புதுப்பக்கத்தால் இழுக்க வேண்டும். குனிந்து குனிந்து, கையெல்லாம் புளி அரித்துச் சிவந்து, முதலாளி வருவதற்குள் முடித்தேன். கதவோரம் மட்டும் ஒன்றிரண்டு புள்ளி பிடிவாதமாக நின்றது.

முதலாளி வந்தார். நல்ல மனுஷர்தான், குற்றம் சொல்ல மாட்டேன். வண்டியைச் சுற்றிவந்து, சரியாக அந்தக் கதவோரம் விரலை வைத்தார்.

"இது என்ன?"

"காக்கா எச்சம் முதலாளி" என்றார் என் வீட்டுக்காரர்.

வாசலில் அண்ணன் நின்றார், ஓரகத்தி நின்றாள். எனக்கு அந்தப் பொய்யைக் கேட்கவே அலுப்பாக இருந்தது. அத்தனை பாடுபட்டது காக்கை எச்சத்துக்கா?

"எச்சம் இல்ல. இரும்புப்பொடி" என்றேன். சாணையையும் உப்புக்காற்றையும் காந்தத்தையும் களிமண்ணையும் ஒன்று விடாமல் சொன்னேன். மூத்தவர் முன்னால் என் குரல் எழும்பியது அன்றுதான் முதல்தடவை. அண்ணன் கோபப்படவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி மட்டும் முழுவதையும் கேட்டார்.

"கொள்ளாம், நல்லாருக்கு" என்றார். "வண்டிய இவ்வளவு பாக்குத வீடு நமக்கு வேற கெடைக்காது. வண்டியையும் ஆளையும் நான் எடுத்துக்கிடுதேன்."

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"ஆனா ஒண்ணு" என்றார் முதலாளி. "இந்தம்மா சொல்லுதது சரிதான். இரும்பு பறக்குத எடத்துல வெள்ளக் காரு நிக்கப்பிடாது. கொலசேகரம் தோட்டத்துல நல்ல ஓட்டு ஷெட்டு சும்மாதான் கெடக்கு, வண்டி அங்கயே நிக்கட்டும். டிரைவருக்கும் தங்கிக்கிடப் பக்கத்துல ஒரு முறி தாரேன். மாசத்துக்கு ஒருதரம் வீட்டுக்கு வந்துட்டுப் போவட்டும். நானும் இப்ப அங்கதான் அதிகம்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, யோசித்துச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன்.

"அப்பிடியே ஆவட்டும் முதலாளி" என்றார்.

மத்தியானமே கிளம்பிவிட்டார்கள். வேட்டி, சட்டைகளை ஒரு பெட்டியில் அடுக்கிக் கொடுத்தேன். வண்டியை எடுக்கும்போது தலையை வெளியே நீட்டி, "ஏட்டி, எப்பிடி மின்னுது பாத்தியா!" என்றார்.

"பாத்தேன்" என்றேன். அழவில்லை. அழுவதற்குக்கூட அன்று எனக்குத் தெம்பில்லை. ரோட்டுத் திருப்பத்தில் கார் மறைந்ததும் பட்டறையில் சத்தம் கேட்டது. அண்ணன், ஓரகத்தி சொல்லியோ சொல்லாமலோ, சாணையைப் பெயர்த்து மறுபக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.