எலி கடித்த அங்கி

வழியோரம் எவளாவது பிள்ளையைத் தூக்கிப் பிடித்து நின்றால், எங்கள் மறைமாவட்ட ஆயர் வாரின் சாமி குதிரையை விட்டு இறங்கிவிடுவார். மற்ற ஆயர்கள் சேணத்தில் இருந்தபடியே குனிந்து, பிள்ளையின் நெற்றியில் தைலம் பூசி, உறுதிபூசுதல் சடங்கை முடித்துவிட்டுப் போவார்கள். இவர் முழங்கால் வலியோடு முனகிக்கொண்டே இறங்குவார். ஒருமுறை பன்றி மேய்ப்பவன் மனைவி, தைலம் வழியாமல் மகளின் நெற்றியில் கட்ட வெள்ளைத் துணி இல்லாமல் கூசி நின்றாள். இவர் யாரும் பார்க்காதபடி அந்தப் பக்கம் திரும்பி, தன் அங்கியின் கை ஓரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டாராம்.

அவர் அங்கிகளை வெளுப்பவள் நான். கிழிசலைக் காட்டினேன்.

"எலி கடிச்சிருக்கும் மேபல்."

"எலி இவ்வளவு நேராவா கடிக்கும் சாமி?"

"படிச்ச எலியா இருக்கும். ஆக்ஸ்போர்டுலேருந்து வந்திருக்கும்."

அதற்குப் பிறகு பயணம் போய்வந்த போதெல்லாம் அந்த எலி கடித்தது.

தோல் பதனிடுபவரின் மகன் அவர். கையெழுத்து அழகு, ராஜாவின் எழுத்தறைக்குப் போனார். அதற்குப் பரிசாக ஆல்டர்ஷா என்ற ஊரின் கோயில் பங்கைக் கொடுத்தார்கள். பங்கின் வருமானம் லண்டனில் இருந்த அவருக்குப் போய்ச் சேர்ந்தது. பங்குச்சாமியான அவர் அந்த ஊரை எட்டிப் பார்க்கவில்லை. கூலிக்கு ஒரு குருவை வைத்துப் பூசை நடத்தினார். பிறகு மேலே மேலே போய் ஆயரானார். ஆயராக முதன்முதலில் ஆல்டர்ஷாவுக்குப் போனபோது, பீர் காய்ச்சும் ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு சொன்னாளாம்:

"வாங்க சாமி. ஞாயித்துக்கெழம தவறாம ஒங்களுக்காக ஜெபிச்சோம். உசுரோட இருக்கீங்களான்னுதான் தெரியாம இருந்துச்சு."

ஊரே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அன்றுதான் முதன்முதலாகக் குதிரையை விட்டு இறங்கினார் என்று குதிரைக்காரன் சொல்வான்.

இப்போது அவரைப் பெரிய மறைமாவட்டத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், ராஜசபையிலும் இடமாம். காரியஸ்தன் ஹாமண்ட் சமையற்கட்டில் வந்து பெருமை அளந்தான்: "இனி அவராவது எறங்குறதாவது. முன்னாலயும் பின்னாலயும் குதிரைப்படை போகும். நடுவுல நின்னா ராஜாவுக்கு யாரு பதில் சொல்றது?"

அந்தச் சீமையிலும் துணியில்லாத தாய்மார் வழியில் நிற்பார்களே என்று மாதாவிடம் மன்றாடினேன். ஆனாலும் பெரிய இடத்துக்குப் போகிறவர் அல்லவா, எல்லா அங்கிகளின் கை ஓரங்களையும் இரட்டைத் தையல் போட்டு இறுக்கினேன்.

புறப்படும் காலையில் பெட்டியைத் திறந்து காட்டினேன். அங்கியின் கை ஒன்றை எடுத்து ஆயர் இழுத்துப் பார்த்தார். தையல் அசையவில்லை. ஹாமண்ட் பக்கத்தில் நிற்கும்போதே என்னிடம் நீட்டினார்.

"இவ்வளவு கெட்டியாத் தச்சா அந்த ஊர் எலி என்ன பண்ணும் மேபல்? கொஞ்சம் பிரிச்சு விடு."