அங்கப்பன் பேரில் ஒரு மூட்டை

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்கிற சிக்கந்தர் பாயைத் தெரியாதவர்கள் அந்த மலையில் குறைவு. அவர் மகன் சுஹைலைத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. பையன் என்னவோ கடைக்கு மேலே மாடியறையில்தான் இருந்தான். ஆனால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்புக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறவனை யார் போய்ப் பார்ப்பது?

அவனும் கூடப் படித்த கரடியூர் கவிதாவும் சேர்ந்து பிளாக்செயின் கம்பெனி ஒன்று நடத்தினார்கள். பேரைக் கேட்டு மிரள வேண்டாம், விஷயம் இவ்வளவுதான். காப்பி பயிரிடுகிற குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை. மூட்டையை நிறுக்கும்போது அந்த அட்டையைப் போனில் காட்டினால், இது இன்னார் தோட்டத்துக் காப்பி என்று பதிவாகிவிடும். பதிவானது பதிவானதுதான், எழுதினவனே வந்து காலில் விழுந்தாலும் அழியாது. எங்கோ பட்டணத்தில் அந்தப் பொட்டலத்தை வாங்குகிறவர் போனைக் காட்டினால் தோட்டக்காரர் முகம் வரும். கேட்டவர்கள் எல்லாம் பிரமாதம் என்றார்கள். வாங்கத்தான் ஒரு ஆள் இல்லை.

அதனால்தான் பெங்களூரில் நடந்த ஒரு தொழில்நுட்ப மாநாட்டுக்குப் போனார்கள். அங்கேயும் ஆர்டர் கிடைக்கவில்லை என்றால் கம்பெனியை இழுத்து மூடிவிடுவது என்று பேச்சு. கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வந்த கவிதா ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். சுஹைல் எதையும் கணக்குப் போடவில்லை. பயமும் இல்லை, ஆசையும் இல்லை. கொஞ்ச நாளாகவே அவன் அப்படித்தான். மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோல நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

மாநாடா அது, திருவிழாக் கூட்டம்! ஆளுயர ஸ்கிரீன்கள், கழுத்துக்கழுத்துக்கு அட்டை, ரோபோவோடு செல்ஃபி எடுக்க வரிசை. இவர்களுக்குக் கிடைத்த இடம் கழிப்பறைக்குப் போகிற வழி. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாம் வழி கேட்டார்களே தவிர, காப்பியைக் கேட்கவில்லை. சுஹைல் சளைக்காமல் கையைக் காட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

மத்தியானத்துக்கு மேல் ரொனால்ட் வந்தார். சென்னைக்காரர். ஊர் ஊராகக் காப்பிக் கடை வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்குக் கொட்டை வாங்கித் தருகிறவர். கவிதா கலந்து கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்தவர், அப்படியே நின்றுவிட்டார். பொட்டலத்தைப் போனில் காட்டினார். கொட்டச்சேடு, அங்கப்பன், தை மாதப் பறிப்பு. முண்டாசு கட்டிய முகம் ஒன்று சிரித்தது.

"இவர்கிட்ட இப்பவே பேச முடியுமா?" என்றார்.

கவிதாவுக்குத் தலைகால் புரியவில்லை. "போடு சுஹைல், ஸ்பீக்கர்ல போடு."

எடுத்தது அங்கப்பனின் மனைவி மாதம்மாள்.

"யாருங்க?"

"ஏற்காட்டுக் கடை சுஹைலுங்கம்மா. ஐயா இருக்காருங்களா?"

"அவரு மார்கழியிலயே போயிட்டாரே கண்ணு. உங்கத்தா கூட வந்து நொம்ப நேரம் உக்காந்துட்டுப் போனாங்க. உனக்குத் தெரியாதுங்களா சாமி?"

தெரியும். அத்தா சிக்கந்தர் பாய் மாடியறை வாசலில் நின்று ஏதோ சொன்னதும், ஹெட்போனைக் கழற்றாமலே இவன் "ம்" என்றதும் இப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு மனுஷன் செத்ததற்கு ஒரு "ம்"!

கவிதா போனை வாங்கப் போனாள். ரொனால்ட் கையமர்த்திவிட்டுக் குனிந்து கேட்டார். "அப்ப தை மாசம் இந்தக் காப்பியைப் பறிச்சது யாரும்மா?"

"எழவு விழுந்த ஊட்டுல பழம் பறிக்க யாருங்க போறா? அப்பப் பழுத்ததெல்லாம் மழையில கொட்டிப்போச்சுங்க. ஊர்ல ஆளுக்கொரு கூடை அவங்கவங்க தோட்டத்துல இருந்து கொண்டாந்து போட்டாங்க. அவரு பேர்ல ஒரு மூட்டையாச்சும் போகோணும்னு. எங்கூர்ல எப்பவும் அப்படித்தானுங்க. அவரு அட்டையத்தான் காட்டுனோம்." பிறகு, தயங்கித் தயங்கி, "காப்பி நல்லாருக்குதுங்களா? நொம்ப நல்ல பழமாப் பாத்துப் போட்டாங்க."

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார் ரொனால்ட். பொய்யில்லை.

போனை வைத்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மனசு கேக்கலைதான். ஆனா ஒரு தோட்டம்னு போட்டிருக்கீங்க, உள்ள ஒரு ஊரே இருக்கு. நாளைக்கு என் முதலாளி கேட்டா நான் என்ன சொல்றது? தப்பு எல்லா இடத்துலயும் நடக்கும். இப்படி ஒரு அட்டை மாட்டினா உங்க சிஸ்டம் என்ன செய்யும்?"

"கலப்படம்னு செவப்புக் குறி போடும் சார்" என்றான் சுஹைல். அந்த விதியை எழுதியவனே அவன்தான். "குறி விழுந்த அட்டைக்கு அப்புறம் எப்பவும் மூட்டை போட முடியாது."

"எப்பவுமா?"

"எப்பவும்."

"போட்டுக் காட்டுங்க. நான் ஆர்டர் தர்றேன்."

"அந்தம்மா பாவம்டா" என்று கவிதா காதோடு சொன்னாள். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. அவளுக்கும் பிழைப்பு வேண்டுமே.

யோசித்து அழுத்தினான் என்று சொன்னால் அது அவனுக்குச் செய்கிற மரியாதை. அவன் யோசிக்கவே இல்லை. வழி கேட்டவருக்குக் கை காட்டியது மாதிரியே விரலை நீட்டி அழுத்தினான், பாவிப் பயல். அங்கப்பனின் முகத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழுந்தது. ரொனால்ட் கை குலுக்கினார். கவிதா அழுதாள், சிரித்தாள். சுஹைல் போய் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டான். உப்பா உறைப்பா என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஆர்டர் வந்ததில் சிக்கந்தர் பாய்க்குத் தரையில் கால் பாவவில்லை. மகன் அங்கே என்ன செய்தான் என்று அவருக்குத் தெரியாது. இனி அட்டை இல்லாமல் எந்த மூட்டையும் நிறுப்பதில்லை என்று எழுதிக் கடை வாசலில் தொங்கவே விட்டுவிட்டார். ஒரு நாள் மத்தியானம் மகனைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு லுஹர் தொழப் போயிருந்தார்.

கொட்டச்சேட்டு பஸ்ஸிலிருந்து கண்டக்டர் ஒரு மூட்டையை இறக்கினார். பின்னாலேயே மாதம்மாள் இறங்கினாள். மூட்டையை இழுத்து வந்து தராசு அருகில் போட்டுவிட்டு மூச்சு வாங்கினாள்.

"கடைசிப் பறிப்பு கண்ணு. இது எங்க தோட்டத்துதேதான், வேற யாருதும் இல்ல. ஒத்தையில நின்னு நானே பறிச்சேன்." முந்தானை முடிச்சை அவிழ்த்து அட்டையை எடுத்து நீட்டினாள்.

என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். போனில் காட்டினான். திரை முழுக்கச் சிவந்தது.

அவள் எட்டிப் பார்த்தாள். "என்ன சாமி, செவப்பா வருது? நெட்டு இல்லீங்களா?"

அப்போதுதான் அவனுக்கு வலித்தது. பெங்களூரில் வந்திருக்க வேண்டிய வலி, அங்கப்பன் செத்தபோதே வந்திருக்க வேண்டிய வலி, எல்லாம் சேர்ந்து இப்போது வந்தது.

"ஆமாங்கம்மா" என்றான். "நெட்டு இல்லீங்க."

"அதுக்கென்ன கண்ணு, வர்றப்ப வரட்டும். எனக்கு ஊட்டுல என்ன வேலை?" மாதம்மாள் மூட்டையின் மேல் வாகாக உட்கார்ந்துகொண்டாள். "நான் இருக்கறேன்."